மொறுமொறுப்பின் சரித்திரம்

உருளைக்கிழங்கை விரல் நீளத்துக்கு நறுக்கி, பொன்னிறமாகப் பொரித்து, மேலே சிறிது உப்பைத் தூவித் தட்டில் வைத்தால், வேண்டாம் என்று சொல்லும் குழந்தை உண்டா? பெரியவர்கள் மட்டும் என்னவாம்! "குழந்தைக்காகத்தான் வாங்கினேன்" என்று சொல்லிக்கொண்டே பாதித் தட்டைக் காலி செய்கிறவர்கள் அவர்கள்தாம்.

பிரெஞ்சு ஃப்ரைஸ் என்று பெயர் வாங்கிவிட்ட இந்தப் பண்டத்தின் மீது நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. கடையில் வாங்கினால் மொறுமொறு என்று இருக்கிறது. அதையே வீட்டில் நறுக்கி ஓவனில் வைத்து எடுத்தால், மழையில் நனைந்த காகிதம் மாதிரி துவண்டு விடுகிறது. எண்ணெயைக் குறை என்கிறார் வைத்தியர். எண்ணெய் இல்லாமல் நான் மொறுமொறுப்பாக மாட்டேன் என்கிறது கிழங்கு. இரண்டு பேர் பேச்சையும் கேட்பது எப்படி?

இந்த வழக்கைத் தீர்க்கச் சமையல் புத்தகத்தைவிடச் சரித்திரப் புத்தகமே அதிகம் உதவும். கிழங்கின் குற்றம் ஒன்றுதான். அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். தண்ணீர் உள்ள இடத்தில் மொறுமொறுப்பு குடியிருக்காது. ஆகவே அந்தத் தண்ணீரை வெளியேற்ற மனிதர்கள் செய்த முயற்சிகளின் கதைதான் இந்தப் பண்டத்தின் கதை. வேடிக்கையான கதைதான்; ஆனால் நடுவில் சில வீடுகள் தீப்பற்றி எரிகின்றன. அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

தென் அமெரிக்காவில், இன்றைய பெரு, பொலிவியா நாடுகளின் எல்லையில், டிடிகாகா என்று ஒரு பெரிய ஏரி. கடல் மட்டத்துக்கு மேல் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த ஆண்டீஸ் மலைப் பிரதேசத்து ஜனங்கள்தாம் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு உருளைக்கிழங்கைக் காட்டுச் செடியிலிருந்து வீட்டுச் செடியாக்கினார்கள். விளைந்ததை வருஷக்கணக்கில் கெடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். ஈரமுள்ள கிழங்கு அழுகிவிடுமே!

அவர்கள் கண்டுபிடித்த உபாயம் அற்புதமானது. பனி கொட்டும் இரவில் கிழங்குகளை வெட்டவெளியில் பரப்பி வைத்தார்கள். உள்ளே இருந்த நீர் உறைந்து, பனிக்கட்டி முள்ளாகி, கிழங்கின் நுண்ணறைகளைக் குத்திக் கிழித்தது. பகல் வெயிலில் இளகியபோது காலால் மிதித்தார்கள். தண்ணீர் பீச்சியடித்து வெளியேறியது. இப்படிச் சில நாள் செய்து உலர்த்தினால் கிடைக்கும் பொருளுக்குச் 'சூன்யோ' என்று பெயர். கையில் எடுத்தால் கல் மாதிரி இருக்கும், கனமே இராது. இன்காக்களின் களஞ்சியங்களில் அது குவிந்து கிடந்தது. இன்றும் அந்த மலைகளில் செய்கிறார்கள். அடுப்பு இல்லை, எண்ணெய் இல்லை. பனியும் வெயிலும் பாதமுமே கருவிகள். கிழங்கோடு நடந்த யுத்தத்தில் மனிதனுக்குக் கிடைத்த முதல் வெற்றி அது.

ஸ்பானியர்கள் பொன்னைத் தேடிப் போன இடத்தில் இந்தக் கிழங்கும் அகப்பட்டது. 1573-ஆம் ஆண்டில் செவில் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் கணக்குப் புத்தகத்தில் உருளைக்கிழங்கு வாங்கிய செலவு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஐரோப்பா அதைச் சுலபத்தில் வீட்டுக்குள் விடவில்லை. மண்ணுக்கடியில் விளைகிறது, பார்க்க அவலட்சணமாயிருக்கிறது, தின்றால் குஷ்டம் வரும் என்றெல்லாம் வதந்தி. பிரான்ஸில் வெகு காலம் அதைப் பன்றித் தீனியாகவே நினைத்தார்கள்.

அந்த அபவாதத்தைத் துடைத்தவர் ஒரு மருந்தாளர். அந்த்வான் பார்மான்தியே என்று பெயர், 1737-இல் பிறந்தவர். ஏழாண்டு யுத்தத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தோடு போய்ப் பிரஷ்யர்களிடம் சிறைப்பட்டார். சிறையில் அவருக்குப் போட்டது உருளைக்கிழங்கு. ஊரார் சொன்னபடி குஷ்டமும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. திடமாகவே திரும்பி வந்தார். பஞ்ச காலத்தில் ரொட்டிக்குப் பதிலாக என்ன உண்ணலாம் என்று பெஸான்ஸோன் நகரத்துக் கல்விக் கழகம் கட்டுரைப் போட்டி வைத்தபோது, உருளைக்கிழங்கைப் பற்றி எழுதிப் பரிசு பெற்றார். 1772-இல் பாரிஸ் மருத்துவ சபையும் இந்தக் கிழங்கு சாப்பிடத் தகுந்ததுதான் என்று தீர்ப்பளித்தது.

பாரிஸுக்கு வெளியே அரசர் கொடுத்த நிலத்தில் பார்மான்தியே கிழங்கு பயிரிட்டதையும், பகலில் அதற்குப் பாராக் கொடுத்து, இரவில் காவலர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டதையும் பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் ரசித்துச் சொல்வார்கள். காவல் போடும் அளவுக்கு உயர்ந்த பொருள் என்று எண்ணி ஜனங்கள் இரவில் வந்து திருடிப் போனார்களாம். 'வாங்கிக்கொள்' என்றால் முகம் சுளிப்பவர்கள், 'தொடாதே' என்றால் கையை நீட்டுவார்கள் என்பதை மருந்துக் கடைக்காரர் தெரிந்து வைத்திருந்தார்.

கிழங்கு உணவாகிவிட்டது. அதை எண்ணெயில் பொரித்தது யார்? இங்கேதான் பிரெஞ்சுக்காரர்களும் பெல்ஜியக்காரர்களும் மல்லுக்கு நிற்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டிலேயே எங்கள் மியூஸ் நதிக்கரையில், ஆறு உறைந்து மீன் கிடைக்காத குளிர்காலத்தில், கிழங்கை மீன்போல நறுக்கிப் பொரித்தோம் என்கிறது பெல்ஜியத்துக் கதை. அழகான கதை. ஆனால் அந்தக் காலத்தில் அந்த வட்டாரத்துக்கு உருளைக்கிழங்கே வந்து சேரவில்லை! பெல்ஜிய நாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவரே அதை எடுத்துக் காட்டி, பண்டம் பிறந்த ஊர் பாரிஸ்தான் என்று எழுதிவிட்டார். பாரிஸில் தொழில் கற்றுக்கொண்ட கிரீகர் என்ற ஜெர்மானியர், 1840-களில் பெல்ஜியத்துச் சந்தைகளில் கூடாரம் அடித்துப் பொரித்து விற்றார். 'மொஸ்யே ஃபிரிட்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு அவர் கொண்டு வந்ததைப் பெல்ஜியர்கள் தேசிய உணவாகவே ஆக்கிக்கொண்டார்கள்.

பாரிஸில் அது தெருவில் பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வாசனை மூக்கைத் துளைக்கும் பெரிய எண்ணெய்ச் சட்டியோடு வியாபாரிகள் நடைபாதையில் நின்றார்கள். ஸேன் நதியின் புகழ்பெற்ற பாலமான போன் நெஃப் பெயரிலேயே தடித்த கிழங்குத் துண்டுகளுக்கு ஒரு பெயர் வழங்குகிறது. ஏன் தெருவில்? ஒரு கூலிக்காரக் குடும்பம், ஒரு சட்டி கொழுப்பும் அதைக் காய்ச்ச விறகும் வாங்க முடியாது. நூறு பேருக்குப் பொதுவாக ஒரு சட்டி காய்ந்தால் ஆளுக்கு இரண்டு காசோடு போயிற்று. சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1859-இல் எழுதிய 'இரு நகரங்களின் கதை'யில், பாரிஸ் ஏழைகளின் பசியைக் காட்டும் இடத்தில் இந்தக் கிழங்குத் துண்டுகள் வருகின்றன. மனமில்லாமல் விட்ட சில துளி எண்ணெயில் அவை வறுபடுகின்றன. எண்ணெயின் கஞ்சத்தனத்தைக் காட்டியே பசியின் அளவைக் காட்டிவிட்டார் அவர்.

எண்ணெய்ச் சட்டிக்குள் என்ன நடக்கிறது? வாணலியில் அப்பளம் போட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சடசட என்று சத்தம் வருகிறதே, அது எண்ணெயின் சத்தமன்று. தண்ணீர் ஆவியாகித் தப்பி ஓடும் சத்தம். சத்தம் அடங்கினால் மேற்புறம் காய்ந்துவிட்டது என்று பொருள். கிழங்கில் மட்டும் ஒரு சங்கடம். மேலே காய்ந்தாலும், உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் சிறிது நேரத்தில் வெளியே கசிந்து, காய்ந்ததை மறுபடி நனைத்துவிடும். அதற்காகத்தான் பெல்ஜியக் கடைக்காரர்கள் இருமுறை பொரிக்கிறார்கள். முதலில் சுமார் 150, 160 டிகிரிச் சூட்டில் உள்ளே வேகும்வரை; பிறகு எடுத்து ஆறவிட்டு, 180 டிகிரிக்குக் குறையாத சூட்டில் சில நிமிஷம். முதல் முறை வேகவைப்பதற்கு, இரண்டாம் முறை உலர்த்துவதற்கு.

இனி இங்கிலாந்துக்குப் போவோம். கதையின் முக்கியமான பகுதி அங்கேதான் இருக்கிறது. பொரித்த மீனோடு இந்தக் கிழங்கையும் சேர்த்து முதலில் விற்றது யார் என்பதற்கு அங்கும் இரு கட்சி. 1860-ஐ ஒட்டி லண்டன் கிழக்குப் பகுதியில் ஜோசப் மாலின் என்பது ஒன்று. 1863-இல் லங்காஷயரில் ஜான் லீஸ் என்பது மற்றொன்று. எப்படியானாலும் முதல் உலகப் போருக்குச் சற்று முன் நாடு முழுவதும் சுமார் 25,000 கடைகள் இருந்தன.

லங்காஷயர் பஞ்சாலை நாடு. கணவனும் மனைவியும் விடியுமுன் ஆலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பும் வீடுகளில் அடுப்பு மூட்டிச் சமைப்பது யார்? தெருமுனைக் கடை அந்தப் பெண்களுக்கு ஒரு மணி நேர ஓய்வை விற்றது. மேல்தட்டு மக்கள் அதை நாற்றம் பிடித்த கடை, சோம்பேறிப் பெண்களின் கடை என்று வைதார்கள். வைதவர்கள் வீட்டில் சமையற்காரி இருந்தாள்! ஜார்ஜ் ஆர்வெல் 1937-இல் சுரங்கத் தொழிலாளிகளைப் பற்றி எழுதியபோது, பிரிட்டனில் புரட்சி வராமல் தடுத்த மலிவான சுகங்களின் பட்டியலில் இந்த மீனையும் கிழங்கையும் சேர்த்தார். இரண்டாம் உலகப் போரில் இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் பங்கீட்டு அட்டை வந்தது. இதற்கு மட்டும் வரவில்லை.

போருக்குப் பிறகு சம்பளம் உயர்ந்தது. காஸ் அடுப்பும் மின்சார அடுப்பும் எளியவர் வீட்டிலும் வந்தன. தெருவில் இருந்த சட்டி வீட்டுக்குள் வந்தது. பாதிக்குமேல் கொழுப்பு நிறைந்த ஆழமான சட்டி ஒன்று எந்நேரமும் அடுப்பின் மேலேயே இருக்கும். ஆறினால் கொழுப்பு வெள்ளையாக உறையும். மறுநாள் மூட்டினால் இளகும்.

கடைக்காரனுக்கு அந்தச் சட்டியை நாள் முழுவதும் பார்ப்பதே வேலை. வீட்டில் இருப்பவளுக்கு ஆயிரம் வேலை. வாசலில் யாரோ அழைக்கிறார்கள், தொட்டிலில் குழந்தை அழுகிறது, ஐந்து நிமிஷம் போகிறாள். அல்லது மதுக்கடை மூடியபின் நள்ளிரவில் பசியோடு வந்தவன், சட்டியை ஏற்றிவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்துவிடுகிறான். எண்ணெய்க்குக் கொதித்து அடங்கும் குணம் கிடையாது. தண்ணீராவது 100 டிகிரியில் நின்றுவிடும். எண்ணெயின் சூடு ஏறிக்கொண்டே போகும். முதலில் புகை, பிறகு 350 டிகிரியையும் தாண்டினால் யாரும் நெருப்பு வைக்காமல் தானாகவே பற்றிக்கொள்ளும்.

ஓடி வந்து பார்க்கிறவர் என்ன செய்வார்? தீயைக் கண்டால் தண்ணீர் ஊற்று என்றுதான் உலகம் அவருக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறது. ஊற்றுகிறார். எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் இறங்குகிறது; இறங்கிய கணமே ஆவியாகிறது. ஒரு பங்கு தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 பங்கு இடம் கேட்கும். அது எரியும் எண்ணெய் முழுவதையும் தூக்கி முகத்திலும் கூரையிலும் அடிக்கும். கிழங்கிலிருந்து துரத்திய தண்ணீர் பழிவாங்கத் திரும்பி வந்த மாதிரி!

பிரிட்டனில் தீயணைப்புப் படையாருக்கு இது அன்றாடக் காரியமாயிற்று. எத்தனையோ பேர் வெந்தார்கள், பலர் மாண்டார்கள். 1970-களில் அரசாங்கமே சிறு படங்கள் எடுத்துத் தொலைக்காட்சியில் காட்டிற்று. அடுப்பை அணை; ஈரத் துணியைப் பிழிந்து சட்டியின்மேல் மூடு; ஆறும்வரை தொடாதே; சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதே; தண்ணீர் ஊற்றாதே. தீபாவளிப் பலகாரம் செய்யும் நம் வீட்டுச் சமையற்கட்டிலும் இதை எழுதி ஒட்டி வைக்கலாம். எண்ணெய்க்குத் தேசம், பாஷை என்ற பேதம் கிடையாது. பொருத்தமான மூடி கையெட்டும் தூரத்தில் இருப்பது ஒரு நல்ல பழக்கம்.

எச்சரிக்கையால் முழுவதும் முடியாத காரியத்துக்கு வேறொரு திசையிலிருந்து உதவி வந்துகொண்டிருந்தது. அந்த உதவிக்குப் பெயர் குளிர்.

1910-களில் கிளாரன்ஸ் பேர்ட்ஸை என்ற அமெரிக்கர் கனடாவின் லாப்ரடார் பனிப் பிரதேசத்தில் தங்கியிருந்தார். பிடித்த மீன் கடுங்குளிர்க் காற்றில் கண நேரத்தில் உறைவதையும், மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் அது புதிதாகவே இருப்பதையும் அவ்வூர் இன்யூட் மக்களிடம் கண்டார். மெதுவாக உறைந்தால் பனிக்கட்டி பெரிய முள்ளாக வளர்ந்து நுண்ணறைகளைக் கிழிக்கும். விரைவாக உறைந்தால் முள் சிறியதாகவே நின்றுவிடும். ஆண்டீஸ் மலையில் எந்த முள் நண்பனாக இருந்ததோ, அதுவே இங்கே பகைவன்.

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் ஜே. ஆர். சிம்ப்ளாட் என்ற கிழங்கு வியாபாரி இருந்தார். பதினாலு வயதில் பள்ளியை விட்டவர். இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்துக்கு உலர்ந்த உருளைக்கிழங்கு அனுப்பிப் பெரும் பணம் சேர்த்தார். அவரிடம் வேலை பார்த்த ரே டன்லப் என்ற ரசாயன நிபுணர், கிழங்கை நறுக்கி உறைய வைத்துப் பார்க்கலாம் என்றார். உறைந்த கிழங்கு கூழாகத்தான் போகும் என்று முதலாளி நம்பவில்லை. டன்லப் விடவில்லை. நறுக்கியதை முதலில் பாதி வேகப் பொரித்து, ஈரத்தில் ஒரு பங்கை வெளியேற்றிய பிறகு உறைய வைத்தார். கூழாகவில்லை. 1940-களின் பிற்பகுதியில் அது விற்பனைக்கு வந்தது. 1967-இல் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் ரே க்ராக்கும் சிம்ப்ளாட்டும் கைகுலுக்கிய உடன்பாட்டினால், உலகமே ஒரே சுவையில் கிழங்கு தின்னத் தொடங்கிற்று.

கனடாவில் மெக்கெய்ன் சகோதரர்கள் 1957-இல் இதே தொழிலைத் தொடங்கினார்கள். அவர்கள் நிறுவனம் 1979-இல் பிரிட்டனில் 'ஓவன் சிப்ஸ்' என்று ஒரு சரக்கைக் கொண்டு வந்தது. எண்ணெயில் பொரிக்கும் கட்டத்தைத் தொழிற்சாலையிலேயே முடித்து உறையவைத்த துண்டுகள். வீட்டில் சூடான ஓவனில் வைத்து எடுத்தால் போதும். சட்டி வேண்டாம், கொழுப்பு வேண்டாம். இதனாலும், சூடு மிஞ்சினால் தானே அணையும் மின்சாரப் பொரிப்பான்களாலும், எண்ணெய்ச் சட்டி மெல்லமெல்லப் பரண் ஏறியது. சட்டித் தீ விபத்துகளும் குறைந்தன. லாபத்துக்காகச் செய்த காரியம்தான். ஆனாலும் எத்தனை பெண்களின் முகமும் கையும் அதனால் வேகாமல் தப்பின என்பதை எந்தக் கம்பெனியின் வரவு செலவுப் புத்தகமும் காட்டாது.

உறைந்த பொட்டலம் வாங்காமல் நாமே நறுக்கி ஓவனில் செய்தால் ஏன் துவள்கிறது என்பது இப்போது விளங்கிவிடும். தொழிற்சாலையில் நடந்த பாதி யுத்தத்தை நாம் நடத்தாமலே விட்டுவிட்டோம். நடத்துவது கடினமில்லை. முதிர்ந்த, மாவுப்பிடிப்புள்ள அரைக் கிலோ கிழங்கை எடுத்து ஒரு செண்டிமீட்டர் கனத்துக்கு நறுக்கி, குளிர்ந்த நீரில் அரை மணி ஊறவிட்டால், மேலே ஒட்டிய மாவும் சர்க்கரையும் கரைந்து போகும். பிறகு உப்பும் ஒரு கரண்டி வினிகரும் சேர்த்த கொதிநீரில், முனை மிருதுவாகும்வரை ஐந்தாறு நிமிஷம் வேகவிட வேண்டும். வினிகர் துண்டுகள் உடையாமல் காக்கும். வடிதட்டில் கொட்டிப் பத்து நிமிஷம் ஆவி போகவிட்டு, துணியில் ஒற்றி எடுத்தால் பெரும்பகை தீர்ந்தது.

இரண்டு மேசைக் கரண்டி எண்ணெயில் பிசறி, 220 டிகிரிக்குக் காய்ந்த ஓவனில், முன்பே சூடேறிய தட்டில், ஒன்றையொன்று தொடாமல் பரப்ப வேண்டும். நெருக்கி அடுக்கினால் ஒன்றின் ஆவி மற்றொன்றை நனைக்கும். கூட்டுக் குடும்பத்துச் சண்டை மாதிரி யாருக்கும் பயனில்லை. இருபது நிமிஷத்தில் திருப்பிவிட்டு, இன்னும் பத்துப் பதினைந்து நிமிஷம் விடலாம். உப்பு கடைசியில்தான், முன்பே போட்டால் ஈரத்தை வெளியே இழுத்து வரும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூட்டில் சர்க்கரையும் புரதத்தின் கூறுகளும் கூடி நிறமும் மணமும் தருவதை 1912-இல் லூயி காமில் மயார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி விவரித்தார். அதே கூட்டுறவில், சூடு மிஞ்சினால், அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் உண்டாகிறது என்று 2002-இல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் கண்டார்கள். ஆகவே பொன்னிறத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. கருகியது ருசியும் இல்லை, நன்மையும் இல்லை.

2010-இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் 'ஏர்ஃப்ரையர்' என்ற சிறு பெட்டியைக் கொண்டு வந்தது. விசிறி வைத்த குட்டி ஓவன்தான் அது. விசிறி செய்வதெல்லாம் கிழங்கைச் சுற்றி நிற்கும் ஈரக் காற்றை விரட்டுவது. ஆண்டீஸ் மலைக் காற்று சூன்யோவுக்கு எதைச் செய்ததோ அதையே அந்தப் பெட்டி சமையலறை மேடையில் செய்கிறது.

கொதிக்கும் எண்ணெயில் பொரித்ததற்கு ஓவனில் செய்தது முழுக்க முழுக்க ஈடாகுமா என்றால், ஆகாது. நாக்கு வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் கிழங்கு ஓவனில் இருக்கும் அந்த அரை மணி நேரம், வீட்டுக்காரி அடுத்த அறையில் குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம். வாசலில் வந்தவரோடு பேசலாம். அப்படியே நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டாலும், கிழங்கு கருகுமே தவிர, எண்ணெய்ச் சட்டியைப் போல எழுந்து வந்து முகத்தில் அடிக்காது.